மரத்தடியில் ஒரு துப்பாக்கி... மறந்தவர் யாரோ?

பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வராத ஆண்மகன் யாராவது உண்டா? நான் இதுவரை ஐந்து குடை, இரண்டு டிபன் பாக்ஸ், மாமனார் வாங்கிக் கொடுத்த ஒரு மூக்குக் கண்ணாடி ஆகியவற்றைப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தாரை வார்த்திருக்கிறேன். இரண்டாவது டிபன் பாக்ஸ் விஷயமாக வீட்டில் அமைக்கப்பட்ட விசாரணைக் கமிஷன் இன்னும் அறிக்கை தாக்கல் செய்யவில்லை!

நம் மாதிரி ஆசாமிகளுக்கு ஆறுதலாக ஒரு சமாசாரம் சொல்கிறேன். அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் துப்பாக்கியைக் காட்டுக்குள் ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அப்படியே போய்விட்டார். பாக்கெட்டில் போடுகிற சின்னத் துப்பாக்கி இல்லை ஸார்... மூன்றரை அடி நீள ரைபிள்! அது அங்கேயே நின்றது. மழை பெய்தது, பனி கொட்டியது, வெயில் காய்ந்தது. உலக யுத்தம் வந்து போயிற்று. மனுஷன் நிலாவுக்குப் போய்விட்டுத் திரும்பினான். துப்பாக்கி மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. 2014-ம் வருடம் நவம்பர் 6-ம் தேதி வரைக்கும்!

இடம், நெவாடா மாநிலம். லாஸ் வேகஸ், சூதாட்டம், கலர் கலராக விளக்குகள் என்று சினிமாவில் காட்டுகிறார்களே, அதே மாநிலம்தான். ஆனால் அந்த விளக்கெல்லாம் கண்ணில் படாமல் காரில் நாலைந்து மணி நேரம் வடக்கே போனால், யூட்டா மாநில எல்லையோரத்தில் பேக்கர் என்று ஓர் ஊர். ஊர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மொத்த ஜனத்தொகை நூறு தேறாது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கே அதைவிடக் கூட்டம் வரும்.

அதை ஒட்டியிருப்பது கிரேட் பேசின் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் சிமெண்ட் பெஞ்சு, சுண்டல், காதல் ஜோடி என்று போய்விடாதீர்கள். 77 ஆயிரம் ஏக்கர் மலையும் காடும் பொட்டலும்! நடுவில் 13,063 அடி உயரத்துக்கு வீலர் சிகரம். அங்கே நிற்கிற ஒருவகை பைன் மரங்கள் ஆயிரக்கணக்கான வருஷம் உயிரோடு இருக்கக்கூடியவை. 1964-ல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு மரத்தை வெட்டி வளையங்களை எண்ணினார். நாலாயிரத்து எண்ணூறைத் தாண்டிக்கொண்டே போயிற்று. அதுவரை உலகத்தில் கண்டுபிடித்த மரங்களிலேயே வயதான மரத்தைத்தான் வெட்டிச் சாய்த்திருக்கிறார்! (அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.)

நம் துப்பாக்கி சாய்ந்திருந்தது அந்தக் கிழட்டு பைன் மரத்தில் இல்லை. அதற்குக் கீழே, வறண்ட சரிவுகளில் வளர்கிற ஜூனிபர் மரத்தில். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி அடிமரமும், உரிந்து தொங்குகிற சாம்பல் நிறப் பட்டையுமாக இருக்கும். ஒன்றைப் பார்த்தால் போதும், அந்தப் பிரதேசத்தில் இருக்கிற எல்லா ஜூனிபரையும் பார்த்த மாதிரி. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பூங்காவில் பழங்காலத் தடயங்களைத் தேடிக் கணக்கெடுக்கும் குழு ஒன்று உண்டு. அன்றைக்கு அவர்கள் ஒரு பாறை மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, கலாசாரப் பிரிவின் பொறுப்பாளர் ஈவா ஜென்சன் கண்ணில் அது பட்டது. மரத்தோடு மரமாக ஒரு கோடு. கொஞ்சம் ஓவராக நேராக இருந்த கோடு. கிட்டே போனால்... ரைபிள்!

வெயிலிலும் பனியிலும் கிடந்து துப்பாக்கியின் கட்டை வெளுத்து, விரிசல் விட்டு, ஜூனிபர் பட்டையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. இரும்புக் குழல் துருவேறி மரக்கிளையின் பழுப்பு நிறம். பச்சோந்தி கெட்டது! அடிக்கட்டையின் நுனி நாலைந்து அங்குலம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. யாரும் புதைக்கவில்லை. வருஷா வருஷம் சருகும் மண்ணும் சேர்ந்து, தரையே மேலே ஏறி வந்திருக்கிறது. நேற்று ராத்திரி யாரோ விளையாட்டுக்குக் கொண்டுவந்து வைத்த சமாசாரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரும்பின் மேல் 'மாடல் 1873' என்று பொறித்திருந்தது. லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து உட்காருவீர்கள். ஆமாம்... டெக்ஸ் வில்லர் குதிரை மேலிருந்து 'டுமீல் டுமீல்' என்று விளாசுவாரே, அதே வின்செஸ்டர்! 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று அமெரிக்காவில் பட்டப்பெயர். பில்லி தி கிட் என்கிற பிரபல போக்கிரி, புகைப்படத்தில் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த மாடல்தான். 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து 'வின்செஸ்டர் 73' என்று ஒரு படமே வந்தது. கதாநாயகனைவிடத் துப்பாக்கிக்குத்தான் முக்கியத்துவம். கை மாறி, கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. கம்பெனி ஆரம்பித்த ஆலிவர் வின்செஸ்டருக்குத் துப்பாக்கி குலத்தொழில் இல்லை. மனிதர் சட்டை தைத்து விற்றுக்கொண்டிருந்தவர்! அதில் சம்பாதித்த பணத்தை, நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் போட்டார். காலர் தைத்த கை காலன் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அதற்கு முன்னால் பெரும்பாலான துப்பாக்கிகள் ஒரு தடவை சுட்டால், உட்கார்ந்து அடுத்த தோட்டாவைப் போட வேண்டும். அதற்குள் கரடி வந்து கை குலுக்கிவிடும். இதில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அதில் பதினைந்து தோட்டாக்கள் வரிசையில் நிற்கும். விசைக்குக் கீழே இருக்கிற லீவரை ஒரு தள்ளு, ஒரு இழுப்பு... காலித் தோட்டா வெளியே, புதுத் தோட்டா உள்ளே! இன்னொரு சௌகரியம், 1878 முதல் இதே தோட்டாவைப் போட்டுச் சுடுகிற மாதிரி கோல்ட் கம்பெனியின் கைத்துப்பாக்கியும் வந்துவிட்டது. இடுப்பில் இருப்பதற்கும் தோளில் இருப்பதற்கும் ஒரே சரக்கு. 1873 முதல் 1916 வரை மொத்தம் 7,20,610 துப்பாக்கிகள் செய்து தள்ளியிருக்கிறார்கள்.

நம் மரத்தடி ஆசாமி 1882-ல் தொழிற்சாலையிலிருந்து கிளம்பியவர். இது ஊகமில்லை. வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி என்கிற ஊரில், பஃபலோ பில் பெயரில் இருக்கும் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. துப்பாக்கியின் வரிசை எண்ணைப் போட்டுத் தேடினார்கள். 1882-ல் தயாரானது, அதே வருடம் கிடங்கிலிருந்து வெளியே போனது என்பது வரை கிடைத்தது. எந்த ஊருக்கு, யாருக்கு? அந்தப் பதிவேட்டில் அதெல்லாம் இல்லை. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இருபத்தையாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். வாங்கினவன் பெயரையெல்லாம் எழுதி வைக்க எந்த குமாஸ்தாவுக்கு நேரம்?

விலை? முதலில் 50 டாலர் விற்றது, 1882-ல் 25 டாலருக்கு இறங்கியிருந்தது. 'பூ, இருபத்தைந்து டாலர்தானே' என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். அந்தக் காலத்தில் மாடு மேய்க்கிற கௌபாய்க்கு மாதச் சம்பளமே 25-லிருந்து 40 டாலர்தான். ஒரு மாசச் சம்பளம் ஸார்! முதல் தேதி வாங்கின கவரை அப்படியே மரத்தடியில் வைத்துவிட்டு வருவோமா நாம்?

அதனால்தான் இந்த விஷயம் எனக்கு வெறும் மறதிக் கதையாகப் படவில்லை.

2015 ஜனவரியில் பூங்கா நிர்வாகம் செய்தியை ஃபேஸ்புக்கில் போட்டது. அவ்வளவுதான், உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. எல்லாப் பேப்பரும் '132 வருடம் மரத்தில் சாய்ந்திருந்த துப்பாக்கி' என்று எழுதின. 2014-லிருந்து 1882-ஐக் கழித்தால் 132. கணக்கு சரி. விஷயம் தப்பு! எப்படி என்கிறீர்களா? அதற்குத் துப்பாக்கியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

நிஜமாகவே கூட்டிப் போனார்கள். துருப்பிடித்த துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கிறதா, இல்லையா? பிரித்துப் பார்க்கலாம் என்றால் கட்டை உதிர்ந்துவிடும். லீவரை அசைத்துப் பார்க்கலாம் என்றால்... யார் அசைப்பது? எனவே கோடி நகர மியூசியத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து உள்ளூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு. ஆஸ்பத்திரி என்றால் சீட்டு போட வேண்டாமா? நோயாளி பெயர் என்ற இடத்தில் 'ரைபிள்' என்றே எழுதிவிட்டார்கள்! (வயது? தொழில்? 'ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா?' என்று கேட்டிருந்தால் நர்ஸம்மா பாடு திண்டாட்டம்தான்.)

படத்தில் தெரிந்தது, துப்பாக்கி காலி. ஆனால் வேறொரு இடத்தில் ஒரு தோட்டா இருந்தது. அடிக்கட்டையின் பின்புறத்தில் சின்னக் கதவு வைத்த ஒரு பொந்து உண்டு. குழலைச் சுத்தம் செய்கிற கம்பியைத் துண்டு துண்டாகக் கழற்றி அதில் போட்டு வைப்பார்கள். அங்கே ஒற்றைத் தோட்டா உட்கார்ந்திருந்தது. யூனியன் மெட்டாலிக் கம்பெனி சரக்கு. அந்த ரகத் தோட்டா தயாரானது 1887-க்கும் 1911-க்கும் இடையில்!

இப்போது துப்பறியும் சாம்புவாகிவிடுங்கள். 1887-க்கு முன்னால் அந்தத் தோட்டாவே கிடையாது. அப்படியானால் 1887-க்கு முன்னால் துப்பாக்கியை மரத்தில் சாய்த்திருக்க வழியில்லை. 132 வருஷக் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. அதிகபட்சம் 127. தோட்டா 1911-ல் செய்ததாக இருந்து, அதை வாங்கி இன்னும் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள் என்றால், அது இன்னும் குறையும். அதாவது, நாம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற கௌபாய், குதிரை, தொப்பி எல்லாம் இல்லாமல், ஏதோ ஒரு ஏழை ஆட்டுக்காரர் அப்பா வைத்திருந்த பழைய துப்பாக்கியை 1915-லோ 1920-லோ அங்கே விட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு தோட்டா பேசுகிற பேச்சு அத்தனை பேப்பர் தலைப்பையும் சாப்பிட்டுவிட்டது!

சரி, யார் அந்த ஆள்?

அந்தப் பக்கம் ஆள் நடமாட்டத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் ஒசியோலா என்ற இடத்தில் 1872-ல் தங்கம் கிடைத்து, கூட்டம் ஓடி வந்திருக்கிறது. தங்க மண்ணைக் கழுவத் தண்ணீர் போதவில்லை என்று 1889-90-ல் மலையைச் சுற்றிப் பதினெட்டு மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். 1885-ல் லேமன் என்கிற பண்ணைக்காரர் பிரமாதமான சுண்ணாம்புக் குகை ஒன்றைக் கண்டுபிடித்து, ஜனங்களை உள்ளே கூட்டிப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார். மாடு மேய்ப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், மான் வேட்டைக்காரர்கள்... யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

செய்தி வந்ததும் ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். கொள்ளைக்காரன் துரத்தினான், இவன் போட்டுவிட்டு ஓடினான் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஓடுகிறவன் துப்பாக்கியைத் தரையில் எறிவான். மரத்தில் பக்குவமாகச் சாய்த்து வைக்க மாட்டான். சாய்த்து வைத்தவன் அவசரமில்லாதவன். தோட்டா தீர்ந்துபோனதால் வெறுத்துப் போய் விட்டுவிட்டான் என்றும் ஒரு கட்சி. தோட்டா இல்லாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளலாமே! பெட்ரோல் தீர்ந்தால் ஸ்கூட்டரை ரோட்டில் விட்டுவிட்டா வருகிறோம்? ரிப்பேர் ஆகியிருந்தால்கூட இரும்பு விலைக்காவது போகும். நம்மூர்க்காரனாக இருந்தால் நிச்சயம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பான்.

எனக்குத் தோன்றுவது ரொம்பச் சாதாரணமான ஒன்று. அதனாலேயே கொஞ்சம் வயிற்றைப் பிசைகிறது. மனிதர் குதிரையைப் பிடிக்கவோ, சுட்ட மானைத் தேடவோ, ஏன், ஒதுங்கவோகூட இருக்கலாம்... துப்பாக்கியை ஒரு நிமிஷம் மரத்தில் சாய்த்துவிட்டு நாலு எட்டு நகர்ந்திருக்கிறார். திரும்பி வந்தால், எந்த மரம்? முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, எல்லா ஜூனிபரும் ஒரே ஜாடை. இந்த மரமா, அந்த மரமா, பாறைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பொழுது சாய்கிறது. ஒரு மாசச் சம்பளம் எங்கேயோ நூறு கஜத்துக்குள் நிற்கிறது. அவர் கண்ணில் மட்டும் படவில்லை. மறுநாளும் வந்து தேடியிருப்பார். அதற்கு மறுநாளும் வந்திருப்பார். நாம் டெப்போவில் போய் 'குடை கிடைச்சுதா ஸார்?' என்று மூன்று நாள் நடப்பதில்லையா?

அந்த ஒற்றைத் தோட்டா வேறு உறுத்துகிறது. துப்பாக்கி காலி, கட்டைக்குள் ஒன்று பாக்கி. ஆபத்துக்கு உதவும் என்று அவரே ஒளித்து வைத்ததா? அல்லது செகண்ட் ஹாண்டில் வாங்கியவருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாதா? கையில் தோட்டா இருந்தும் இல்லாமல் ஒரு மனுஷன் அந்த மலையில் ஒரு ராத்திரி நின்றிருக்கலாம். இது என் கற்பனைதான். எக்ஸ்ரே இவ்வளவெல்லாம் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த வழியில் ஈவா ஜென்சனுக்கு பதில் நம்மைப் போல ஒரு டூரிஸ்ட் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'ஆஹா!' என்று பிடுங்கி, கார் டிக்கியில் போட்டு, வீட்டில் உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் அடித்து, ஹால் சுவரில் மாட்டியிருப்போம். சட்டப்படி குற்றம். அமெரிக்க அரசு நிலத்தில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை எடுக்கக்கூடாது என்று 1979-லேயே சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். சுவரில் மாட்டிய நிமிஷமே அது ஏழு லட்சத்தில் ஒன்று, அதுவும் ஓட்டை உடைசல். மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருந்தது, எந்த மரம், எந்தக் கோணம்... கதை முழுக்க அந்த இடத்தில்தான் இருந்தது.

மியூசியத்துக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். எங்கள் ஆபீஸ் நண்பர் இந்த விஷயத்தைக் கேட்டதும், "நல்லா துரு எடுத்து, புதுக் கட்டை மாட்டி வெச்சிருப்பாங்களே சார்?" என்றார். இல்லை ஸார்! துருவை எடுக்கவில்லை. வெளுத்த கட்டைக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. மரம் மேற்கொண்டு சிலும்பு சிலும்பாக உதிராமல் இருக்க மட்டும் பசை கொடுத்து இறுக்கினார்கள். புதுசாக ஆக்குவது சிகிச்சை இல்லை, இருக்கிறபடியே நிறுத்துவதுதான் சிகிச்சை என்று முடிவு. தோட்டாவையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

'மறக்கப்பட்ட வின்செஸ்டர்' என்ற பெயரோடு கோடி நகரத்தில் கொஞ்ச நாள் காட்சிக்கு இருந்துவிட்டு, 2016-ல் பூங்காவின் முப்பதாவது பிறந்தநாளுக்குத் துப்பாக்கி வீடு திரும்பியது. இப்போது பார்வையாளர் மையத்தில் இருக்கிறது. பூங்காக்காரர்கள் அந்தக் காலத்து உள்ளூர்ப் பேப்பர்களையும், குடும்பக் கதைகளையும் புரட்டிப் பார்த்தார்கள். 'துப்பாக்கி காணவில்லை' என்று யாராவது விளம்பரம் கொடுத்திருக்க மாட்டார்களா என்ற நப்பாசைதான். ஆள் அகப்படவில்லை.

எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும் சார். அன்னிக்கு ராத்திரி வெறுங்கையோட வீட்டுக்குப் போனானே, பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருப்பான்?"